சமப் பங்கீடும் சமத்துவமும்: வேகத்தால் வேறுபட்ட கணினிகளிற் கூட்டுத் தொகுப்புப் பற்றிய சில குறிப்புகள்

1

தமிழிலக்கிய மாணாக்கருக்குத் தொகுத்தல் என்பது பழகிய சொல். வழிநூலின் வகைகளைக் கூறும் தொல்காப்பிய மரபியல் தொகுத்தலை முதலாவதாகவும் மொழிபெயர்த்தலை நான்காவதாகவும் வைக்கின்றது. எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றுக்குத் தொகுத்தவர் பெயரும் தொகுப்பித்தவர் பெயரும் தனித்தனியே வழங்கி வருகின்றன. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர்கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. உழைத்தவர் ஒருவர், அவ்வுழைப்புக்கு வேண்டிய சாதனங்களைத் தன்வசம் வைத்திருந்தவர் மற்றொருவர். இவ்வேறுபாட்டை எமது மரபு மறைக்காது பதிந்து வைத்துள்ளமை மனங்கொளத்தக்கது.

அதே சொல் இன்று கணினித் துறையிலும் வழங்குகின்றது. மனிதர் எழுதும் செய்நிரலைக் கணினியின் பொறிமொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளைத் தொகுப்பி என்கிறோம். 1952 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிரேஸ் ஹாப்பர் ஆக்கிய ஏ-0 என்னும் முறை, நாடாவிற் சேமித்து வைத்த சிறு நிரற்றுண்டுகளைத் தேடியெடுத்து ஒன்றுசேர்த்தது. எனவே தொகுப்பி என்னும் ஆக்கச்சொல் அக்கருவியின் முதற்பணியோடு நன்கு பொருந்துவதாகும். ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐ.பி.எம். குழுவினர் 1957 இல் ஃபோர்ட்ரான் மொழிக்கான தொகுப்பியை வெளியிட்டதன் பின்னர் மொழிபெயர்ப்புப் பணி முதன்மை பெற்றது. மரபியல் வேறுவேறாக வைத்த தொகையும் மொழிபெயர்ப்பும் இக்கருவியில் ஒன்றாகின்றன எனலாம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா ஒன்றே. பெரிய மென்பொருளொன்றைத் தொகுக்க வேண்டியுள்ளது. கைவசமுள்ள கணினிகளோ ஒரே தரத்தனவல்ல. புதியது ஒன்று, பழையன சில. இவற்றை ஒன்றுசேர்த்து வேலையை விரைந்து முடிப்பது எவ்வாறு? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தொழினுட்ப வல்லுநர்க்கு மட்டுமே உரிய வினாவாகத் தோன்றும். நுணுகி நோக்கின், சமமற்றோரிடையே வேலையை எவ்வாறு பங்கிடுவது என்னும் பழைய சமூக வினாவே இங்கு எண்களில் வெளிப்படுவதைக் காணலாம்.

2

வினாவை எமது சூழலில் வைத்து நோக்குவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து செல்லும் வீதிவழியாக எட்டக்கூடிய முதலாவது தீவு மண்டைதீவு. அவ்வீதி வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் செல்கிறது. வேலணையிலிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவை இணைக்கிறது. குறிகட்டுவானில் வீதி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வழி. 1990 ஆம் ஆண்டில் போரினால் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் புலம்பெயர்ந்து பிறநாடுகளிற் குடியேறினர். அவர்தம் ஊர்ச் சங்கங்கள் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் கணினிகள் வழங்கி வருவது பலரும் அறிந்ததே. அரசு வழங்கியது, நன்கொடையாக வந்தது, பாவித்துக் கழித்தது எனக் கணினிகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தரத்தில் வந்து சேரும் இடங்களில் வேக வேறுபாடு இயல்பான நிலைமையாகும். ஒரே தரமான நூறு கணினிகள் வரிசையாக நிற்கும் கூடத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வழிமுறைகள் இங்கு அப்படியே பொருந்தமாட்டா.

தொகுத்தல் எதற்கு? ஆயத்தமாக வரும் மென்பொருளைப் பயன்படுத்தினாற் போதாதா? என்று கேட்கலாம். ஆயத்தமாக வருவதை மட்டும் பயன்படுத்துபவர் தமது மொழிக்கு வேண்டிய மாற்றத்தைப் பிறர் செய்து தரும்வரை காத்திருக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டில் வெளியான யூனிகோட் 4.1 பதிப்பிலேயே ஶ என்னும் எழுத்துக்குத் தனி இடம் கிடைத்தது. இலங்கைக்கான தமிழ்க் குறிமுறை 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமமாக வெளியாயிற்று. ரெங்கநாதன் விசைப்பலகை இந்நாட்டுக்கே உரியது. நியமங்கள் தாளில் வெளியானதும் கணினி அவற்றை அறிந்துவிடுவதில்லை. எழுத்தை உருப்படுத்தும் நிரலிலும் அகரவரிசைப்படுத்தும் நிரலிலும் மாற்றம் செய்து, மீண்டும் தொகுத்தாலன்றி அவை நடைமுறைக்கு வாரா.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் அம்மாற்றத்துக்கு வழி திறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 இல் வெளியிட்ட ஜீ.சி.சி. தொகுப்பியும், 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸும் மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் உரிமை தந்தன. தமிழ் இடைமுகம் கொண்ட லிப்ரே ஆபீஸ் போன்ற பெருமென்பொருளின் மூல நிரலும் எவருக்கும் கிடைக்கின்றது. எனினும் அதனை முழுமையாகத் தொகுக்கச் சாதாரண கணினியொன்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். மிகப் பழையதாயின் ஒரு நாள் போதாமலும் போகலாம். ஒரு வரியை மாற்றிச் சரிபார்க்க முனைபவர் தொகுப்புக்காக நெடுநேரம் காத்திருக்க நேரின், மாற்றும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். தொகுப்பின் வேகம் வசதி பற்றிய செய்தி மட்டுமன்று என்பது இதனாற் பெறப்படும்.

3

வேலையைப் பங்கிடுவதற்கு முன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். பெரிய மென்பொருளின் மூல நிரல் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். சி, சி++ ஆகிய மொழிகளில் எழுதப்பட்டவற்றின் தொகுப்பு மூன்று படிகளில் நிகழும். முதற்படி முற்செயலாக்கம். ஒவ்வொரு கோப்பும் தனக்கு வேண்டிய பிற கோப்புகளைப் பெயரளவிற் சுட்டியிருக்கும். சுட்டிய இடத்தில் அவற்றின் முழுவடிவமும் எடுத்து வைக்கப்படும். உரையாசிரியர் சூத்திரத்தின் முதற்சொல்லை மட்டும் சுட்டிச் சென்றவிடத்து, பதிப்பாசிரியர் சூத்திரம் முழுவதையும் எடுத்தெழுதுவது போன்றது இது. இதனாற் சில பத்து வரிகள் கொண்ட கோப்பு பல்லாயிரம் வரிகளாக விரிதலும் உண்டு. இரண்டாம் படி மொழிபெயர்ப்பு. விரிந்த கோப்பு ஆராயப்பட்டுப் பொறிமொழியாக மாற்றப்படும். பெரும்பாலான நேரம் இதிலேயே செலவாகும். மூன்றாம் படி இணைப்பு. தனித்தனியே பெயர்க்கப்பட்ட துண்டுகளை ஒன்றோடொன்று தொடுத்து இயங்கத்தக்க முழு மென்பொருளாக்குவது இணைப்பியின் பணி.

இவற்றுள் மொழிபெயர்ப்புப் படி ஒரு சிறப்பியல்பு உடையது. முற்செயலாக்கம் முடிந்த ஒரு கோப்பைப் பெயர்ப்பதற்கு மற்றக் கோப்பின் பெயர்ப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே வெவ்வேறு கோப்புகளை வெவ்வேறு கணினிகளிடம் ஒப்படைக்கலாம். இணைப்பு அவ்வாறன்று, எல்லாத் துண்டுகளும் ஓரிடத்துக்கு வந்த பின்னரே அது முழுமையாக நிகழமுடியும்.

செய்த வேலையைத் திரும்பச் செய்யாதிருத்தலும் வேகத்துக்கு ஒரு வழி. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் ஆக்கிய மேக் என்னும் கருவி, மாறிய கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மீண்டும் தொகுக்கச் செய்யும். சீகாஷ் என்னும் கருவி முன்னைய பெயர்ப்புகளைச் சேமித்து வைத்து, அதே கோப்பு மீண்டும் வரும்போது சேமிப்பிலிருந்து எடுத்துத் தரும். கடந்தகால உழைப்பு பொருளில் உறைந்து நின்று நிகழ்கால உழைப்புக்கு உதவுவது பற்றி அரசியற் பொருளாதாரம் கூறுவதை இங்கு நினைவுகூரலாம். பழைய கணினியொன்றை மட்டும் உடையவர் முதலிற் கைக்கொள்ள வேண்டியவை இவ்விரண்டுமே. இவற்றுக்குப் புதிய கணினியோ வலையமைப்போ தேவையில்லை.

4

இனிப் பங்கீட்டுக்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். மண்டைதீவு போன்ற ஓர் ஊரின் பாடசாலையில் ஐந்து கணினிகள் உள்ளன எனக் கொள்க. ஒன்று புதியது, நிமிடத்துக்கு 10 கோப்புகளைப் பெயர்க்க வல்லது. ஏனைய நான்கும் பழையன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 2 கோப்புகளையே பெயர்க்கும். தொகுக்க வேண்டிய கோப்புகள் 360. அவை யாவும் ஒரே அளவின.

புதிய கணினி தனித்து உழைப்பின் 36 நிமிடங்களில் மொழிபெயர்ப்பு முடியும். இப்போது ஐந்தையும் சேர்த்து, 360 கோப்புகளை ஐந்தாற் சமமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 72 கொடுப்போம். புதியது தன் பங்கை 7 நிமிடம் 12 செக்கனில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். பழையன ஒவ்வொன்றும் 72 கோப்புகளை முடிக்க 36 நிமிடங்கள் எடுக்கும். முழு வேலையும் முடிவது 36 ஆவது நிமிடத்திலேயே. நான்கு கணினிகள் புதிதாகச் சேர்ந்தும் ஒரு நிமிடந்தானும் மிஞ்சவில்லை. பழையன இன்னும் மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு கோப்பு வீதம் இயங்குவனவாயின் 72 நிமிடங்கள் செல்லும். தனித்து உழைத்ததைவிடக் கூட்டுழைப்பு இருமடங்கு தாமதமாகும்.

பங்கிடும் முறையை மட்டும் மாற்றுவோம். எவருக்கும் முன்கூட்டியே பங்கு குறிக்காது கோப்புகளை ஒரு பொது வரிசையில் வைப்போம். கையிலுள்ளதை முடித்த கணினி வரிசையிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும். ஐந்தும் ஓயாது உழைக்க, நிமிடத்துக்கு 18 கோப்புகள் முடியும். 360 கோப்புகளும் 20 நிமிடங்களில் நிறைவுறும். புதியது 200 கோப்புகளையும் பழையன ஒவ்வொன்றும் 40 கோப்புகளையும் செய்திருக்கும். எந்தக் கணினி எவ்வளவு வேகமானது என்று எவரும் முன்னரே அளந்து சொல்லவேண்டியதில்லை. வேலையின் போக்கிலேயே அது தெளிவாகிவிடும்.

வயலில் நிகழும் அருவி வெட்டை எண்ணினால் இது எளிதில் விளங்கும். வயலை முன்கூட்டியே சம துண்டுகளாக அளந்து, இளைஞர்க்கும் முதியவர்க்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால், இளைஞர் வரம்பில் அமர்ந்திருக்க முதியவர் பொழுது சாயும்வரை வெட்டிக்கொண்டிருப்பர். முடித்தவர் அடுத்த பாத்தியைத் தொடங்குவதென்றால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேளையிற் கரையேறுவர். முதியவர் வெட்டியது குறைவாயினும் அது வயல் முழுவதும் விரைந்து முடிய உதவுகின்றது. அவர் எவரையும் தாமதப்படுத்துவதுமில்லை.

மூலதனத்தின் முதற்றொகுதியில், கூட்டுழைப்புப் பற்றிய அதிகாரத்தில், மார்க்ஸ் எட்மண்ட் பர்க்கின் கருத்தொன்றை எடுத்தாளுகின்றார். ஐந்து பண்ணைத் தொழிலாளர் சேர்ந்தவிடத்துத் தனியாள் வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், எந்த ஐவரை எடுத்தாலும் மொத்த உழைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பது அதன் சாரம். எமது எடுத்துக்காட்டு இதற்கு ஒரு நிபந்தனையை விதிக்கின்றது. வேலை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் தடையின்றிச் செல்ல முடியுமாயின் மட்டுமே வேறுபாடுகள் ஈடுசெய்யப்படும். பங்குகள் முன்கூட்டியே பூட்டப்பட்டுவிட்டால் வேறுபாடு மறையாது. மிகப் பின்தங்கியவரின் வேகமே முழுக் குழுவின் வேகமாகிவிடும். கோத்தா வேலைத்திட்டம் பற்றிய 1875 ஆம் ஆண்டு விமரிசனத்தில், சமமற்றோர்க்கு ஒரே அளவுகோலைப் பிரயோகிப்பது சமமின்மையையே விளைவிக்கும் என மார்க்ஸ் நிறுவினார். அவர் பேசியது மனிதரின் உரிமையையும் நுகர்வையும் பற்றி; நாம் பேசுவது பொறிகளின் வேலைப் பங்கீட்டைப் பற்றி. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் சமப் பங்கீடு வேறு, சமத்துவம் வேறு என்னும் உண்மைக்குக் கணக்கினால் ஒரு சான்று இங்கே கிடைக்கின்றது.

5

இச்சிந்தனை கணினிக்கு முற்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து, 1790 களில், காஸ்பார் த புரோனி பெருங்கணித அட்டவணைகளை ஆக்கும் பணியை ஏற்றார். அவர் தம் ஆட்களை மூன்று பிரிவினராக்கினார் என்பதை சார்ள்ஸ் பாபேஜ் 1832 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைக்கின்றார். சூத்திரங்களைத் தெரிவு செய்தவர் ஐந்தாறு கணித அறிஞர். அவற்றை எண்களாக்கியவர் ஏழெட்டுப் பேர். கூட்டலும் கழித்தலும் மட்டுமே செய்தவர் அறுபது முதல் எண்பது பேர். கணிக்கும் மனிதரையே கணிப்பொறி என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லால் அழைத்த காலம் அது. வல்லாரும் எளியாரும் ஒரே பணியில் தத்தமக்குரிய இடத்தைப் பெறலாம் என்பதையும், அவ்விடம் படிநிலையாக இறுகிவிடும் என்பதையும் அம்முயற்சி ஒருங்கே காட்டிற்று.

தொகுப்புக்கென எழுந்த கருவிகளுள் முதன்மையானது டிஸ்ட்சிசி. ஆஸ்திரேலியரான மார்ட்டின் பூல் 2002 இல் இதனை வெளியிட்டார். இதிற் பணியைத் தொடக்கும் கணினி முற்செயலாக்கத்தைத் தானே செய்து, விரிந்த கோப்பை வலையமைப்பினூடாக மற்றொரு கணினிக்கு அனுப்பும். அது பொறிமொழிக் கோப்பைத் திருப்பியனுப்பும். உதவும் கணினிகளின் பெயர்களை வேக வரிசையில் எழுதி, ஒவ்வொன்றும் ஒரே வேளையில் எத்தனை கோப்புகளை ஏற்கலாம் என்றும் குறித்துவிடலாம். விரைந்து முடிப்பது விரைவில் அடுத்ததைப் பெறும். ஒரே தரமான மூன்று கணினிகள் சேர்ந்தபோது ஏறத்தாழ 2.6 மடங்கு வேகம் கிடைத்ததாக இதனை ஆக்கியோர் குறித்தனர். ஜெர்மனியின் சூசே நிறுவனத்தினர் இதனை அடியொற்றி ஆக்கிய ஐஸ்கிரீம் என்னும் கருவியில் மத்திய திட்டமிடுவோன் ஒன்று உண்டு. அது கணினிகளின் வேகத்தையும் அவ்வேளையிலுள்ள சுமையையும் நோக்கி வேலையை ஒப்படைக்கும். லிப்ரே ஆபீஸைத் தொகுப்போர் இக்கருவியையும் பயன்படுத்த வசதியுண்டு.

கழித்த கணினிகளைக் கொண்டே பெரும்பணி ஆற்றலாம் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் ஒரு சான்று. புதிய கணினிகளுக்கான நிதி மறுக்கப்படவே, வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹொஃப்மன் ஆகிய இருவரும் ஆய்வுகூடத்திற் கைவிடப்பட்ட கணினிகளைச் சேர்த்து, 1997 அளவில் ஒரு கூட்டுக் கணினியை உருவாக்கினர். 2001 இல் அதில் 130 க்கும் மேற்பட்ட கணினிகள் இருந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை 486 வகைப் பழைய கணினிகள். வேலை அங்கு முன்கூட்டிப் பங்கிடப்படவில்லை. முடித்த கணினிக்கே அடுத்த பகுதி வழங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் நிலப்பரப்பைச் சூழலியல் வலயங்களாகப் பிரிக்கும் வரைபடம் அதன் வழியாக உருவாயிற்று.

தமிழுலகிலும் இம்முறை அறியப்படாததன்று. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் வாழும் தமிழரின் ஊதியமற்ற உழைப்பால் இலக்கியங்களை மின்பதிப்பாக்கியது. பின்னர் அதில் நூலைப் பக்கம் பக்கமாகப் பகிர்ந்து தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு பக்கம் செய்ய இயன்றவரும் இருபது பக்கம் செய்ய இயன்றவரும் ஒரே நூலில் இணைந்தனர். அவர்களைத் தொகுப்பித்த வேந்தர் எவருமில்லை.

மெதுவானவை விலக்கப்பட்ட வரலாறும் உண்டு. டெபியன் என்பது தன்னார்வலர் ஆக்கும் லினக்ஸ் வெளியீடு. 2007 இல் சி-டாக் வெளியிட்ட இந்தியாவின் பாஸ் லினக்ஸ் அதனை அடிப்படையாகக் கொண்டது. மோட்டோரோலா 68000 குடும்பக் கணினிகளுக்கும் டெபியன் 1998 முதல் வெளியிடப்பட்டு வந்தது. அக்கணினிகள் மெதுவானவை, பல கணினிகள் சேர்ந்தே தொகுப்புப் பணியை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. 2005 இல் முன்வைக்கப்பட்ட நெறிகளுள் ஒன்று, வந்து சேரும் பொதிகளைத் தொகுத்து முடிக்க ஒரு வகைக்கு இரண்டுக்கு மேற்பட்ட கணினிகள் தேவைப்படலாகாது என்றது. 2007 இல் வெளியான டெபியன் 4.0 இல் இவ்வகை இடம்பெறவில்லை. தன்னார்வலர் சிலர் அலுவன்முறை வெளியீட்டுக்கு வெளியே அதனைத் தொடர்ந்து பேணினர். வெளியீடு தாமதமாகக்கூடாது என்ற நியாயம் அங்கு இருந்தது. எனினும் யாருடைய வேகம் பொது வேகமாகக் கொள்ளப்படுகின்றது என்னும் வினா அதனால் எழாமற் போய்விடாது.

6

கூட்டுழைப்பின் எல்லைகளையும் கூறாவிடில் விளக்கம் நிறைவுறாது. முதலாவது எல்லையை ஜீன் அம்டால் 1967 இல் எடுத்துக்காட்டினார். வேலையிற் பிரிக்கவியலாத பகுதி எவ்வளவோ, அவ்வளவுக்கு வேகம் மட்டுப்படும். எமது எடுத்துக்காட்டில் இணைப்புக்குப் புதிய கணினி 4 நிமிடங்கள் எடுக்கும் எனக் கொள்வோம். தனித்து உழைத்தால் மொத்தம் 40 நிமிடங்கள். ஐந்தும் சேர்ந்தால் 24. எண்ணிறந்த கணினிகளைச் சேர்த்தாலும் 4 நிமிடங்களுக்குக் கீழே செல்ல முடியாது. பத்து மடங்கே உச்சவரம்பு. அந்த இணைப்பைப் பழைய கணினியொன்றிடம் விட்டால் என்னாகும்? ஐந்திலொரு பங்கு வேகத்தில் அதற்கு 20 நிமிடங்கள் செல்லும். மொத்தம் மீண்டும் 40 நிமிடங்கள். கூட்டுழைப்பின் பயன் முழுவதும் கரைந்துபோகும். பிரிக்கக்கூடியதை எல்லோரிடமும், பிரிக்கவியலாததை வல்லாரிடமும் ஒப்படைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் விதி.

இரண்டாவது, இறுதிக்கட்டச் சிக்கல். கோப்புகள் உண்மையில் ஒரே அளவினவல்ல. ஏனையவற்றிலும் பத்து மடங்கு பெரிய கோப்பொன்றை 19 ஆவது நிமிடத்திற் பழைய கணினி எடுத்துக்கொண்டால், அது முடிய 5 நிமிடங்கள் செல்லும்; மற்றவை யாவும் வெறுமனே காத்திருக்கும். பெரியவற்றை முதலில், விரைந்தவற்றிடம் கொடுப்பது இதற்குப் பரிகாரம். வேலைகளிடையே சார்புகள் உள்ளபோது, கணினிகளைக் கூட்டுவதே சிலவேளை மொத்த நேரத்தைக் கூட்டிவிடலாம் என ரொனால்ட் கிரஹாம் 1966 இல் நிறுவினார். கூகிள் நிறுவனத்தார் 2004 இல் வெளியிட்ட முறையொன்றில், பின்தங்கிய கணினி செய்துகொண்டிருக்கும் இறுதி வேலையை ஓய்ந்திருக்கும் மற்றொன்றும் செய்யத் தொடங்கும். முந்தி முடிவது ஏற்கப்படும்.

மூன்றாவது, பாதை. விரிந்த கோப்பு 1 மெகாபைட் எனின், ஒரே அறையிலுள்ள 100 மெகாபிற்று இணைப்பில் அது ஒரு செக்கனின் பன்னிரண்டில் ஒரு பங்கிற் சென்று சேரும். 2 மெகாபிற்று வேகமுள்ள வெளியிணைப்பில் 4 செக்கன்கள் வேண்டும். தீவொன்றிலுள்ள பழைய கணினி தொலைவிலுள்ள விரைந்த கணினியின் உதவியைப் பெறுவதாகக் கொள்வோம். தனித்துச் செய்தால் ஒரு கோப்புக்கு 30 செக்கன். உதவி பெறின் முற்செயலாக்கத்துக்கு 5, அனுப்ப 4, பெயர்க்க 6, திரும்பிவர 1 என 16 செக்கனில் முடியும். ஏறத்தாழப் பாதி நேரம். 2008 இல் வெளியான டிஸ்ட்சிசி 3.0 முற்செயலாக்கத்தையும் மற்றக் கணினியிடம் ஒப்படைக்க வழிசெய்தமையால் நேரம் மேலும் குறையலாம். இதே பாதையால் விரைந்த கணினி அடையும் பயனோ சிறிது. அது அனுப்பும் கோப்பைப் பழைய கணினி பெயர்த்துத் தருவதற்குள் தானே பலவற்றை முடித்துவிடும். பாதையின் பயன் இருமுனைகளிலும் ஒன்றன்று. வசதி குறைந்த முனையிலேயே அது பெரிது. தாம்போதி யாருக்கு அதிகம் வேண்டியது, நகரத்தவர்க்கா தீவகத்தவர்க்கா என்று கேட்பார்க்கும் விடை இதுவே.

நான்காவது, மின்சாரம். ஐந்து கணினிகளும் ஒரே அளவு மின்சாரத்தை நுகர்வதாகக் கொண்டால், மொழிபெயர்ப்பைப் புதியது தனித்து 36 நிமிடங்களில் முடிப்பதற்கும் ஐந்தும் 20 நிமிடங்களில் முடிப்பதற்குமிடையே செலவு ஏறத்தாழ 2.8 மடங்காகின்றது. நேரத்தைச் சேமிக்கும் வழி மின்கட்டணத்தைக் கூட்டும் வழியாகவும் அமையலாம். 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நிலவியதை நாம் மறக்கவில்லை. கழித்த கணினிகளை நன்கொடையாக ஏற்கும்போது அவற்றின் மின்கட்டணத்தையும் சேர்த்தே ஏற்கின்றோம் என்பது கருதற்பாலது.

ஐந்தாவது, நம்பிக்கை. எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பான தொகுப்பி இருத்தல் வேண்டும். வகையால் வேறுபட்டவையாயின் இலக்குக் கணினிக்குரிய பொறிமொழியைத் தரவல்ல தொகுப்பியை நிறுவுதல் வேண்டும். மேலும், பிறர் அனுப்பும் வேலையைச் செய்ய இசையும் கணினி தீயோரின் ஏவலையும் செய்துவிடக்கூடும். டிஸ்ட்சிசியின் பழைய பதிப்புகளைக் காப்பின்றித் திறந்துவிட்டவர்களின் கணினிகளில் இத்தகைய அத்துமீறலுக்கு இடமிருந்தது. ஆகவே ஒருவரையொருவர் அறிந்தோரின் வலையமைப்புக்குள்ளேயே இதனைக் கைக்கொள்ளல் நலம்.

7

இதுவரை கூறியவற்றாற் சில முடிவுகள் பெறப்படும். வேகம் குறைந்த கணினிகள் கூட்டுழைப்புக்குத் தடையல்ல. அவற்றைத் தடையாக்குவது பங்கிடும் முறையே. முன்கூட்டிய சமப் பங்கீடு அவற்றைச் சுமையாக்குகின்றது. ஆற்றலுக்கேற்ற, வேலையின் போக்கில் நிகழும் பங்கீடு அவற்றைத் துணையாக்குகின்றது. பிரிக்கவியலாத பகுதியும் பாதையும் மின்சாரமும் இத்துணையின் எல்லையை வகுக்கின்றன.

உவமையை அளவுக்கு மேல் நீட்டலாகாது. கணினி தொழிலாளியன்று, பழைய கணினிக்கு நீதி வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மாணவர் இருக்கின்றார். யாருக்குப் புதியது, யாருக்குக் கழித்தது, யாருடைய ஊரில் வீதி முடிந்து படகு தொடங்குகின்றது என்பவற்றைத் தீர்மானிப்பவை தொழினுட்ப விதிகளல்ல, சமூக உறவுகளே. எல்லாப் பாடசாலைகளுக்கும் ஆளுக்கு இத்தனை கணினி என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, சமமாக வழங்கினோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. 360 கோப்புகளை ஐந்தாற் பிரித்ததும் அத்தகைய கணக்கே. இணைப்பும் மின்சாரமும் பயிற்சியும் எங்கே குறைவோ அங்கே கூடுதலாகச் சென்றாலன்றி அச்சமப் பங்கீடு சமத்துவமாகாது.

மண்டைதீவிலோ நெடுந்தீவிலோ உள்ள மாணவரொருவர் தமிழ் எழுத்தை உருப்படுத்தும் நிரலில் ஒரு வரியை மாற்றி, அதனைத் தம் பாடசாலைக் கணினிகள் ஐந்தையும் கொண்டே அன்று மாலைக்குள் தொகுத்துப் பார்ப்பதற்கு வேண்டிய மூல நிரலும் கருவிகளும் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. எமது மொழிக்கான மென்பொருளைப் பிறர் தொகுப்பிக்க நாம் தொகுத்துக் கொடுக்கும் நிலைமையிலிருந்து விடுபட, அத்தகைய மாணவர் பலர் வேண்டும். அவர்களுக்கு வேண்டிய பாதையையும் மின்சாரத்தையும் ஓய்வு நேரத்தையும் கேட்டுப் பெறுவது தமிழ்க் கல்வியில் அக்கறை கொண்டோர் அனைவரதும் பொறுப்பாகும்.